அம்மா போனும் எட்டாம் வகுப்பும்

“உன் கடவுச்சொல்லை அப்பா அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதே.” டிஜிட்டல் குடிமை, அதாவது போனையும் இணையத்தையும் பொறுப்போடும் பாதுகாப்போடும் பயன்படுத்துவது, பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டம் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் இந்த வரி வந்துவிடும். நல்ல வரிதான். ஆனால் நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா போனுக்குக் கடவுச்சொல் வைத்ததே அவர்கள்தான். அப்பாவுக்கு ஜிமெயில் கணக்குத் திறந்து கொடுத்து, அதன் கடவுச்சொல்லைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். வேண்டுமென்றால் அப்பா அம்மாதான் பிள்ளையிடம் வந்து கேட்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். நீதிபோதனைக்கென்று கால அட்டவணையில் பெயரளவுக்கு இருக்கும் பிரிவேளையை டிஜிட்டல் குடிமை வகுப்புக்கு எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைந்ததிலிருந்து, மற்றப் பள்ளித் தோழிகள் “உங்கள் பாடக்குறிப்பை அனுப்புங்கள் டீச்சர்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அனுப்பினால் அது அவர்கள் போனில் இன்னொரு பிடிஎஃப் ஆகக் கிடக்கும். ஏன் அப்படித் திட்டமிட்டேன் என்று சொன்னால்தான் அவரவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள முடியும்.

வெளியே கிடைப்பவை மோசமானவை அல்ல. அமெரிக்காவின் காமன் சென்ஸ் எஜுகேஷன் அமைப்பு மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடங்களை இலவசமாகவே கொடுக்கிறது. மைக் ரிபிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் டிஜிட்டல் குடிமையை ஒன்பது கூறுகளாகப் பிரித்துக் கொடுத்தார்: அணுகல், வணிகம், தொடர்பாடல், எழுத்தறிவு, நன்னடத்தை, சட்டம், உரிமையும் பொறுப்பும், உடல்நலம், பாதுகாப்பு. எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க இந்த ஒன்பதும் உதவும். சிக்கல் எங்கே என்றால், இவை எல்லாமே ஒரு பிள்ளை, ஒரு கருவி, ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. எங்கள் வீடுகளில் போன் ஒன்று, கைகள் ஐந்தாறு.

அதனால் ஆண்டின் முதல் வகுப்பில் நான் எதையும் கற்பிப்பதில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் எழுதக் கூடாது. வீட்டில் இருக்கும் போன் யாருடையது, உன் கைக்கு எப்போது வரும், வீட்டாருக்காக அதில் நீ என்னென்ன வேலை செய்து கொடுக்கிறாய், அதில் பார்த்தவற்றில் எது உன்னைச் சங்கடப்படுத்தியது, சிக்கல் என்று வந்தால் யாரிடம் சொல்வாய். இவ்வளவுதான் கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கேஸ் பதிவு செய்வது, கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வது, மாதம் பதினைந்தாம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஏறிவிட்டதா என்று பார்ப்பது, சவூதியில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பது, ஆதார் ஓடிபியைச் சேவை மையத்துக்காரருக்கு உரக்கப் படிப்பது. 2020 ஊரடங்கில் பாடத்துக்காக என்று கடன் வாங்கி வாங்கிய போன், பள்ளி திறந்த பிறகும் வீட்டில் தங்கிவிட்டது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் பிள்ளைதான். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தெருவுக்கே கடிதம் படித்துக் காட்டுவார் இல்லையா, அந்த வேலை இப்போது பதின்மூன்று வயதுக்கு வந்திருக்கிறது.

இந்தப் பிள்ளைக்கு “போன் ஆபத்து, தொடாதே” என்று பாடம் நடத்தி என்ன பயன்? தொடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் நடப்பது அதுதான். ஆண்டுக்கொரு முறை சுற்றறிக்கை வரும். காவல் துறையிலிருந்து ஒருவர் வருவார். மைதானத்தில் வெயிலில் உட்காரவைத்து, படம் அனுப்பிச் சீரழிந்த பெண், விளையாட்டில் பணம் இழந்து உயிரை விட்ட பையன் என்று கதைகள் சொல்வார், உறுதிமொழி எடுக்கச் சொல்வார், கலைந்து போவோம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார், நேரம் ஒதுக்கி வருகிறார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்ட பெண் பிள்ளை மனத்தில் என்ன பதிகிறது? அப்படி ஒன்று எனக்கு நடந்துவிட்டால் நான் சீரழிந்தவள், என் கதையும் அடுத்த ஆண்டு இந்த மைதானத்தில் சொல்லப்படும். அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான்.

பாடம் திட்டமிடும்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. இந்த வகுப்பு முடிந்தபின், நாளை ஒரு சிக்கல் வந்தால், பிள்ளை ஒரு பெரியவரிடம் வந்து சொல்வது சுலபமாகியிருக்கிறதா, கடினமாகியிருக்கிறதா? கடினமாக்கும் பாடம் எவ்வளவு சரியான தகவல் கொண்டதாக இருந்தாலும் குப்பைக்குப் போகும். பல நல்ல பவர்பாயிண்ட்களை இந்தக் காரணத்தால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

நான் அதிக நேரம் கொடுப்பது தொலைபேசி அழைப்புப் பாடத்துக்கு. ஹைடெக் லேப் இதற்குத் தேவையில்லை. (லேபில் பெரும்பாலும் ஏதாவது இணையவழித் தேர்வு நடந்துகொண்டிருக்கும், கிடைத்தாலும் எல்லாரும் உட்கார இடமிருக்காது. கணினி இருந்தால்தான் டிஜிட்டல் பாடம் என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் ஓய்வு பெறும்வரை காத்திருக்கலாம்.) இரண்டு நாற்காலிகள் போதும். முதுகைக் காட்டியபடி இரண்டு பிள்ளைகள். ஒருவர் அழைப்பவர், இன்னொருவர் அம்மா போனை எடுத்த பிள்ளை. அழைப்பவருக்கு மட்டும் ஒரு சீட்டில் குறிப்பு கொடுத்திருப்பேன்: நீ வங்கியிலிருந்து பேசுகிறாய், இன்று மாலைக்குள் ஓடிபி சொல்லாவிட்டால் உரிமைத் தொகை நின்றுவிடும், அம்மா இல்லை என்றால் ‘பரவாயில்லை, நீயே படித்துச் சொல் கண்ணு’ என்று கேள்.

என் பிள்ளைகள் நடிப்பில் கெட்டிக்காரர்கள். அழைக்கிறவன் குரலைக் கனமாக்கிக்கொண்டு “வணக்கம்மா, மேனேஜர் பேசுகிறேன்” என்று ஆரம்பித்ததும் வகுப்பே அதிரும். ஆனால் சிரிப்புக்கு நடுவே ஒன்றைக் கவனிக்கலாம். எதிரில் இருக்கும் பிள்ளைக்கு இது மோசடி என்று தெரியும், இது நாடகம் என்றும் தெரியும், ஆனாலும் போனை வைக்க முடியாது. “சார்... அம்மா இல்லை சார்... எனக்குத் தெரியாது சார்...” என்று இழுத்துக்கொண்டே நிற்கும். பெரியவர் பேசும்போது பாதியில் வைப்பது மரியாதையில்லை என்று நாம்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம். வீட்டிலும் பள்ளியிலும் கேட்டதற்குப் பதில் சொல்லும் பிள்ளைதான் நல்ல பிள்ளை. மோசடிக்காரன் தொழில்நுட்பத்தை நம்பித் தொழில் செய்வதில்லை, இந்த வளர்ப்பை நம்பித்தான் செய்கிறான். போலீஸ் போல நடித்து, ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி ஓய்வுபெற்ற அதிகாரிகளையே நாள்கணக்கில் கேமரா முன் உட்காரவைத்துப் பணம் பறிப்பவர்களின் ஆயுதமும் இதே பணிவுதான். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டிவந்தது.

ஆகவே நான் கற்றுக்கொடுப்பது மரியாதைக் குறைவை. ஒரே ஒரு வாக்கியம்: “அம்மா வந்ததும் பேசச் சொல்கிறேன்.” சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், வைத்துவிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக முன்னால் வந்து இதைச் செய்து காட்ட வேண்டும். வெட்கப்பட்டால் மறுபடியும். தலைமையாசிரியரே அழைப்பவராக வந்து உட்கார்ந்த நாளில் ஒரு பெண் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கைவிரலால் காற்றில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போனாள். அவர் அசந்துவிட்டார். மூன்று பிரிவேளைகள் செலவழிந்தாலும் கவலையில்லை என்று நான் நினைப்பது இந்தப் பாடத்துக்குத்தான்.

இதோடு சேர்த்து மனப்பாடம் செய்யவைப்பவை கொஞ்சம்தான். யுபிஐயில் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின் எண் கேட்கும். பணம் வாங்குவதற்குக் கேட்கவே கேட்காது. ‘பணம் வருகிறது, பின் போடுங்கள்’ என்று எவன் சொன்னாலும் பொய். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி, திறக்கக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது, ஏனென்றால் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன்பு நிறுத்திவைத்தால்தான் கிடைக்க வாய்ப்பு. இந்த எண்ணை அம்மா போனிலேயே பதிந்து வைப்பது அன்றைய வீட்டுப்பாடம்.

வதந்திப் பாடத்தை எங்கள் மாவட்டத்தில் பொதுப்படையாக நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்துகொண்டிருந்த நேரம். போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடியது. அவரை அடித்தே கொன்றது. கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்கள் யாரும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்ல, பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பிய சாதாரண ஊர்க்காரர்கள். அதைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் இறுக்கம் வரும். சிலருக்கு அந்தப் பக்கத்தில் உறவுகள் உண்டு.

அந்த ஆண்டு நாடு முழுவதும் இப்படிப் பல கொலைகள் நடந்தன. அதன் பிறகுதான் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது; 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு முறைக்கு ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கியது. பிள்ளைகளுக்கு இது வெறும் தகவலாக நிற்காமல் இருக்கக் கணக்கைக் கொண்டுவருகிறேன். ஒருவர் ஐந்து பேருக்கு அனுப்புகிறார், அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு. ஐந்தாவது கைமாற்றத்தில் புதிதாக எத்தனை பேருக்குப் போகும்? அடுக்குக்குறிப் பாடம் படித்தவர்கள்தான். 3,125 என்று பலகையில் எழுதியதும் பின்பெஞ்சிலிருந்து “எங்கள் ஊர் ஓட்டு லிஸ்டைவிட அதிகம் டீச்சர்” என்று ஒருவன் சொன்னான். பிறகு கேட்பேன்: இதில் முதல் ஐந்து பேரில் ஒரே ஒருவர் அனுப்பாமல் விட்டிருந்தால்? கணக்குப் போடுவார்கள். 625 பேர் குறைவார்கள். குடிமை என்று நான் சொல்ல வருவதை அந்தக் கழித்தல் எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

சரி, உண்மையா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பெரும்பாலான பாடக்குறிப்புகள் எழுத்துப் பிழை இருக்கிறதா, இணையதளம் பார்வைக்குச் சரியாக இருக்கிறதா என்று நீண்ட பட்டியலை நீட்டும். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், அதே பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள். படித்த வரலாற்றாசிரியர்கள் பலர் இணையதளத்தின் தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று கண்டுபிடித்தார்கள். காரணம் அறிவு அல்ல, பழக்கம். அவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே உட்காரவில்லை. அதைவிட்டு வெளியே வந்து, இவர்கள் யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடத்தில் தேடினார்கள். எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது இந்த ஓர் அசைவை மட்டும்தான். செய்தியை விட்டு வெளியே வா, வேறு இடத்தில் தேடு.

இதற்கு நான் பயன்படுத்தும் உதாரணம் 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் பேச்சானது, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். அப்போதைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கினார்: பரவியவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. வீடியோ பொய்யல்ல, அதன் மேல் ஒட்டிய கதைதான் பொய். இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குப் புதிது. ‘வீடியோ இருக்கிறதே டீச்சர்’ என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் இறுதி ஆதாரம். இந்த உதாரணத்தில் இன்னொரு வசதி, பொய்க் கதையில் கெட்டவர்களாகக் காட்டப்பட்டது நாம். அத்திமூர்க் கதையில் ஊர் குற்றவாளி, இதில் ஊர் பாதிக்கப்பட்ட தரப்பு. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்தால் விவாதம் தானாக நடக்கும், நான் வாய் மூடி உட்காரலாம்.

இறக்குமதிப் பாடத்திட்டம் எதிலும் இல்லாத, நம் ஊரில் விட்டுவிடவே கூடாத ஒன்று சாதி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்களே வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைப் பள்ளி வாசலில் கழற்றிவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை என்ன செய்வது? தலைவர் படம், பின்னணியில் ஒரு பாட்டு, அரிவாள் பொம்மை, ‘எங்களைத் தொட்டால்’ என்று தொடங்கும் ஒரு வரி. ஜெயந்தி நாளில் ஒரு பக்கம் வைத்தால் மறுநாள் மறுபக்கம் பதில் வைக்கும். இதற்கு நான் தனிப்பாடம் நடத்துவதில்லை, ‘சாதி ஸ்டேட்டஸ்’ என்று தலைப்புப் போட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். அடிப்படை உரிமைகள் பாடம் வரும்போது, தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறேன்: உன் ஸ்டேட்டஸைப் பார்க்கும் உன் நண்பன் ஒருவன், நாளை உன் பக்கத்தில் சோறு தின்ன உட்கார யோசிப்பானா? எழுதிக் கொடு. உரக்கச் சொல்ல வேண்டாம். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு மூன்று பேர் பார்வையாளர் பட்டியலை மாற்றி ஆசிரியர்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி படங்கள். வகுப்புத் தோழியின் முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்குவது வேடிக்கையில் தொடங்கும். யாருக்கு வேடிக்கை என்பதில்தான் சிக்கல். இப்போது ஏஐ கொண்டு முகத்தை வேறு உடலில் ஒட்டுவது எந்தப் பையனுக்கும் முடிகிற வேலையாகிவிட்டது. இந்த வகுப்பைத் திட்டமிடும் ஆசிரியர் பிள்ளைகள் முன் நிற்பதற்கு முன்பே சில ஏற்பாடுகளை முடித்துவிட வேண்டும். ஏனென்றால் இந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தினால் யாராவது ஒரு பிள்ளை வந்து சொல்லும். அப்போது தடுமாறினால் போச்சு.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் நாம், அது நம்மைக் கட்டுவதைப் பேசுவதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி அதுவே குற்றம். ஆகவே “என்னிடம் சொல், யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் வேறு எந்தப் பெரியவரையும் நம்பாது. நான் வகுப்பில் சொல்வது இப்படி: “நீ வந்து சொன்னால் உன் மேல் தப்பு என்று யாரும் பேச விடமாட்டேன். உன்னைத் தனியாக விடமாட்டேன். ஆனால் சிலவற்றை நானே வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.” தலைமையாசிரியரோடு முன்கூட்டியே உட்கார்ந்து, முதலில் யார் கேட்பது, எந்த அறையில், பெற்றோரை யார் அழைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 இரண்டும் பள்ளிச் சுவரில் இருக்கின்றன. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கிறது. ஆனால் எங்கள் பெட்டி அலுவலக வாசலில், வருவோர் போவோர் பார்வையில் இருந்தது. அதில் சீட்டுப் போடும் பிள்ளையை மொத்தப் பள்ளியும் பார்க்கும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றச் சொன்னோம். கூட்டத்தில் யார் போட்டார் என்று தெரியாது. இவையெல்லாம் பாடத்திட்டத்தின் பகுதியா என்று ஒரு தோழி கேட்டார். பாடத்திட்டத்தின் பாதி இதுதான்.

படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெற்றோரும் அப்படித்தான். முடிந்துவிடவில்லை. காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவையைத் தொடங்கியது. பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் என்றால், படத்தை எங்கும் அனுப்பாமல், நம் கருவியிலேயே அதற்கொரு எண் முத்திரை உருவாக்கி அந்த முத்திரையை மட்டும் அனுப்பலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடலுக்குள் ஓடும் படத்தை இது பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிப்பட்ட படத்தை ‘நான் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்று கைமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம் என்பதைப் பையன்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஒரு முறை. மிரட்டும் தொனி இல்லாமல். அதற்கு மேல் சட்டப் பிரிவுகளை அடுக்கினால் மைதானச் சொற்பொழிவாகிவிடும்.

இத்தனையும் செய்து, பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா போனைப் பிடுங்கி அப்பா கைநீட்டினால் எல்லாம் வீண். பெண் பிள்ளை என்றால் பள்ளிக்கே வராமல் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. கல்யாணப் பேச்சு தொடங்கும் வீடுகளும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் செயலி, போன் செட்டிங்ஸ், திரைநேரம் என்று எதையும் பேசுவதில்லை நான். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பிள்ளை வந்து சொன்னால் அன்று இரவு போனைப் பிடுங்காதீர்கள், அடிக்காதீர்கள். அடுத்த நாள் காலையில் என்னிடம் வாருங்கள். ஓர் இரவு மட்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் இசைகிறார்கள். “வாழ்நாள் முழுவதும் பொறுமையாக இருங்கள்” என்றால் யார் கேட்பார்கள்?

விளையாட்டுக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. பப்ஜியை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் அரசு தடை செய்தது. என் வகுப்பில் இரண்டாவதின் மேக்ஸ் பதிப்பை விளையாடாத பையனைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. அங்கே எப்படிப் போகிறது என்று பார்க்க ஆவலாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கே அத்தை பெயரில் இருக்கும் ஊரில் வயதுச் சரிபார்ப்பு என்ன சாதிக்கும் என்று தெரியவில்லை.

ஆசிரியர்கள் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்த எல்லாரையும் பிள்ளை என்றே கணக்கிடுகிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாமோ காலையில் இலவசச் சைக்கிள் கொடுத்தால் மதியத்துக்குள் பிள்ளைகளின் முகத்தோடும் பெயரோடும் முகநூலில் ஏற்றிவிடுகிறோம். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பெயரோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தரங்கம் பற்றிய பாடத்தை நடத்திய வாரத்தில் இப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது எங்கள் பள்ளியில் படம் எடுக்கும் முன் ‘வேண்டாதவர்கள் இந்தப் பக்கம் வரலாம்’ என்று சொல்கிறோம். நாலைந்து பேர் வருகிறார்கள். ஆரம்பத்தில் வரிசை கெடுகிறது என்று உடற்கல்வி ஆசிரியர் சலித்துக்கொண்டார், பழகிவிட்டது.

மதிப்பீட்டுக்குச் சரியா தவறா வினாக்கள் வைப்பதில்லை. ஓடிபியைச் சொல்லலாமா என்று தாளில் கேட்டால் எல்லாரும் ‘கூடாது’ என்றுதான் எழுதுவார்கள். மாலையில் சேவை மையத்தில் உரக்கப் படிப்பார்கள். அதற்குப் பதிலாகப் பருவ இறுதியில் முதல் நாள் கொடுத்த அதே சீட்டை மறுபடியும் கொடுக்கிறேன், குறிப்பாகக் கடைசிக் கேள்விக்காக. யாரிடம் சொல்வாய்? முதல் முறை பலர் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள் அல்லது ‘யாரிடமும் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை வெறுமை குறைந்தது. ஆனால் அம்மா, அப்பா, டீச்சர் என்று வரும் என்று நான் நினைத்த இடத்தில் அத்தை, பாட்டி, டியூஷன் அக்கா, பெரியம்மா மகள், ஆட்டோ அண்ணன் என்று வந்திருக்கிறது. டீச்சர் என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதனால் அடுத்த கூட்டத்துக்கான அழைப்பை மாற்றி எழுதியிருக்கிறோம். ‘பெற்றோர் வரவும்’ என்பதற்குப் பதிலாக, ‘உங்கள் வீட்டில் பிள்ளை யாரிடம் மனம்விட்டுப் பேசுமோ அவரை அனுப்பி வையுங்கள்’ என்று. நேரத்தையும் காலை பதினொரு மணியிலிருந்து மாலை நாலரைக்குத் தள்ளியிருக்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிகள் அதற்கு முன் வர முடியாது.